அரிப்பு மூன்றாம் முறை வந்தால்...

இந்தப் பதினைந்து நாளில் வந்த கடிதங்களில் ஒன்று மேட்டூரிலிருந்து. எழுதிய சகோதரிக்கு வயது 24. தலைப்பிரசவம், இது ஆறாம் மாதம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் எதற்கு? இந்தக் கடிதத்தை எழுதாமல் மனதிலேயே வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அவர் எழுதுகிறார்: "நாலாம் மாசம் ஆரம்பிச்சதும்மா. கீழே ஒரே அரிப்பு. பால் திரிஞ்ச மாதிரி வெள்ளை படுது. மாமியார்கிட்டே சொன்னேன். 'சூடு கண்ணு. எளநி குடி, நல்லெண்ணெய் வச்சுக் குளி, போயிடும்'னாங்க. போகலை. வீட்டுக்காரர் மருந்துக் கடையிலே கேட்டு ஒரு களிம்பு வாங்கிட்டு வந்தார். மூணு நாள்ல குணமாச்சு. ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துட்டுது. இப்போ மூணாவது தடவை. ராத்திரி தூக்கமில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? இது அவர்கிட்டேயிருந்து வந்த வியாதியா? செக்கப்புக்குப் போறப்பல்லாம் டாக்டர்கிட்டே சொல்லணும்னு நினைக்கிறேன். பக்கத்துலே மாமியார் நிக்கிறாங்க, டாக்டரும் ஆம்பிளை. வாய் வரலை."

மேட்டூர் தாலுக்காவில் கிராம சுகாதார நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. வீட்டுக்குப் போய் எடை பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, பையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கும்போதுதான் அந்தப் பெண் பின்னாலேயே வந்து மெள்ளச் சொல்வாள்: "நர்சம்மா, ஒண்ணு கேக்கணுங்க..." கடைசியில் கேட்கிற அந்த ஒன்றுதான் அவளை ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் வைத்திருக்கும்.

முதலில் சகோதரியின் பயத்தைத் தீர்த்து வைப்போம். இந்த அரிப்பினால் வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஊனமோ குறையோ வராது. இதற்காக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டியதும் இல்லை. இது வீட்டுக்காரர் கொண்டு வந்து கொடுத்த வியாதி என்று எண்ணவும் வேண்டாம். ஆனால் மூன்றாம் முறை வந்திருக்கிறது என்கிறாரே, அதை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரு முறை வந்தால் மருந்து போதும். திரும்பத் திரும்ப வந்தால் மருந்தோடு காரணத்தையும் தேட வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

சூடா, காளானா?

நம் சேலம் ஜில்லாவில் எது வந்தாலும் சூடு என்பது வழக்கம். கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, வெள்ளை பட்டால் அது பெரிய சூடு. மேட்டூரில் சித்திரை வெயில் அடிக்கிற அடிக்கு அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. அணை நிறையத் தண்ணீர் நின்றாலும் ஊருக்குள் புழுக்கம் குறைவதில்லையே!

ஆனாலும் இந்த அரிப்புக்கு மூலகாரணம் கேண்டிடா என்னும் நுண்ணிய காளான் வகை. பேக்கரியில் பன் மாவைப் பொங்க வைக்கிறார்களே ஈஸ்ட், அதற்கு இது தூரத்து உறவு. நல்ல ஆரோக்கியமான பெண்கள் பலருடைய உடம்பிலும் இது கொஞ்சம் குடியிருக்கும், தொந்தரவு கொடுக்காது. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இந்த அரிப்பு வந்து போகும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. சுத்தமில்லாதவள், நடத்தை சரியில்லாதவள் என்று யாரையும் சொல்ல இதில் இடமே இல்லை.

கர்ப்ப காலத்தில் மட்டும் இது ஏன் தலைதூக்குகிறது? கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகவும் கூடுகிறது. அதனால் பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சத்து நிறையச் சேருகிறது. காளானுக்கு அது நல்ல தீனி. கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்பு முறையும் கொஞ்சம் மாறுகிறது. இதோடு வெயில், வியர்வை, ஈரத் துணி எல்லாம் சேர்ந்தால் காளான் இன்னும் வேகமாகப் பெருகும். வெயில் காலத்தில் இட்லி மாவு சீக்கிரம் பொங்கிவிடுவதில்லையா, அது போலத்தான். மாமியார் சொல்லும் சூட்டுக்கு இதில் ஒரு சிறு பங்கு உண்டு என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். இளநீர் குடியுங்கள், மோர் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அவற்றால் காளான் போகாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறப்புறுப்பில் இயற்கையாகவே நல்ல கிருமிகள் வாழ்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனம்தான் அவையும். அவை ஒரு புளிப்பை உண்டாக்கி மற்றக் கிருமிகளை அடக்கி வைத்திருக்கும். கர்ப்பத்தில் நீர்க்கடுப்பு, சளி என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிடும்போது இந்த நல்ல கிருமிகளும் செத்துப்போகின்றன. தோட்டத்துக் காவல்காரனை அனுப்பிவிட்ட மாதிரி ஆகிறது. பிறகு காளானுக்குக் கேட்க ஆளில்லை. "நீர்க்கடுப்புக்கு மாத்திரை சாப்பிட்டேன், அடுத்த வாரமே அரிப்பு வந்தது" என்று பல பெண்கள் சொல்வது இதனால்தான்.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல

கர்ப்பிணிகளுக்கு வெள்ளைபடுதல் கொஞ்சம் கூடுவது இயற்கை. நீர்த்த பால் போல இருக்கும். அரிப்பும் இருக்காது, நாற்றமும் இருக்காது. அதற்கு மருந்து வேண்டாம்.

காளானால் வரும் வெள்ளை கெட்டியாக, பால் திரிந்தாற்போல இருக்கும். நாற்றம் அதிகமிராது. அரிப்பும் எரிச்சலும் இருக்கும். அந்த இடம் சிவந்து வீங்கும். சிறுநீர் போகும்போது மேல்தோலில் பட்டுக் காந்தும்.

வெள்ளை சாம்பல் நிறமாகவும் மீன் வாடையோடும் இருந்தால் அது பாக்டீரியாவால் வருவது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற வேறு கிருமியாக இருக்கலாம். அது தாம்பத்திய உறவால் பரவுவது, கணவருக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும். இவை இரண்டுக்கும் காளான் களிம்பு போட்டால் பலன் இல்லை. நாள்தான் வீணாகும்.

ஆகவே மூன்றாம் முறை வந்தவர்கள் தாங்களாகவே "அதேதான்" என்று முடிவு கட்டக் கூடாது. டாக்டரோ நர்ஸோ பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காளான் இழைகள் தெரியும். சில நேரம் கல்ச்சர் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். கேண்டிடாவிலேயே சில வகைகள் வழக்கமான மருந்துக்குச் சரியாகப் பணியாதவை, அது அதில்தான் தெரியும். பரிசோதனையில் வலி இராது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது.

ஏழு நாள் மருந்து, ஏழு நாளும்!

இந்த வியாதிக்குச் சரியான மருந்தை முதலில் கண்டவர்கள் இரண்டு பெண்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணச் சுகாதாரத் துறையில் வேலை செய்தவர்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்தில், ரேச்சல் பிரவுன் ஆல்பனி நகரத்தில். பல இடத்து மண்ணை வாங்கி, அதிலுள்ள நுண்ணுயிர்களை ஹேசன் வளர்ப்பார். காளானைக் கொல்லும் ஏதாவது கிடைத்தால் ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து சத்தைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். இப்படித் தபாலிலேயே நடந்த ஆராய்ச்சியில், சிநேகிதர்களின் பண்ணை மண்ணிலிருந்து கிடைத்ததுதான் நிஸ்டாட்டின். 1950-ல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். தங்கள் மாகாணத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். அதில் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்!

அதற்கு முன்பெல்லாம் ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்தைத்தான் தடவுவார்கள். துணியெல்லாம் ஊதா ஆகிவிடும். 1970-களில் குளோட்ரிமசோல் என்ற மருந்து வந்தது. இன்று கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இதையோ, இதன் இனத்து மருந்தையோதான் தருகிறார்கள். களிம்பாகவும் வரும், உள்ளே வைக்கும் மாத்திரையாகவும் வரும். மருந்து அந்த இடத்திலேயே வேலை செய்கிறது. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் வயிற்றுப் பிள்ளைக்கும் பயமில்லை.

கர்ப்பம் இல்லாதவர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள் மருந்து போதும் என்பார்கள். கர்ப்பிணிகளுக்கு ஏழு நாள் என்பது கணக்கு. சிக்கலே இங்கேதான் வருகிறது. மூன்றாம் நாள் அரிப்பு நின்றுவிடும். "சரியாப் போச்சு, மீதியை வச்சிருப்போம், திரும்ப வந்தா ஆகும்" என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். அரிப்பு நின்றுவிட்டாலும் காளான் போய்விடவில்லை. பாதி செத்து மீதி பதுங்கியிருக்கும். தீனிதான் நிறைய இருக்கிறதே, ஒரு மாதத்தில் மறுபடி கிளம்பிவிடும். கடிதம் எழுதிய சகோதரிக்கு முதல் தடவை நடந்தது இதுவாகவே இருக்கலாம்.

மருந்து வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி படுக்கப் போகும்போது வையுங்கள், அப்போதுதான் வெளியே வழியாமல் உள்ளேயே தங்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, மல்லாந்து படுத்துக்கொண்டு விரலால் மெள்ள உள்ளே தள்ளினால் போதும். மருந்தோடு வரும் பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்ப காலத்தில் உபயோகிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உபயோகித்தால் அழுத்தவே கூடாது. இரத்தம் பட்டாலோ பனிக்குட நீர் போனாலோ எதையும் உள்ளே வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெளியில் தடவும் களிம்பு மட்டும் போட்டால் மேலரிப்பு அடங்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

அந்த ஏழு நாளும் தாம்பத்திய உறவைத் தள்ளிப்போடுவது நல்லது, எரிச்சல் கூடும். கணவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால்தான் அவருக்கு வைத்தியம் வேண்டும்.

வாயால் விழுங்கும் மாத்திரை வேண்டாம்

மருந்துக் கடையில் போய் "வெள்ளைபடுது, அரிக்குது" என்றால் சில கடைகளில் ஒரே ஒரு மாத்திரையைக் கொடுத்து "இதைச் சாப்பிட்டா போதும்மா" என்பார்கள். அது பெரும்பாலும் ஃபுளூகோனசோல். சில சமயம் இதோடு வேறு மாத்திரைகளையும் சேர்த்துப் பெட்டியாகவே கொடுப்பார்கள். வீட்டுக்காரரை அனுப்பினால் மனைவி கர்ப்பிணி என்பதைச் சொல்லக்கூட அவருக்குக் கூச்சமாக இருக்கும். சொல்லாத விஷயம் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது என்கிறார்கள். டென்மார்க் தேசத்தில் சுமார் 14 லட்சம் கர்ப்பங்களின் பதிவேடுகளைப் பார்த்து 2016 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். இதைச் சாப்பிட்டவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததை அதில் கண்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கர்ப்பிணிகளுக்கு இதைத் தருவதில் எச்சரிக்கையாக இருக்கும்படி டாக்டர்களுக்கு அறிவித்தது. களிம்பும் உள்மாத்திரையும் இருக்கும்போது இதை விழுங்க வேண்டிய அவசியம் என்ன?

தெரியாமல் ஏற்கெனவே ஒன்று சாப்பிட்டுவிட்டீர்களா? அழுதுகொண்டு உட்கார வேண்டாம். ஒரு மாத்திரை சாப்பிட்ட பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது. எந்த மாதத்தில், எத்தனை சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இனிமேல் வேண்டாம்.

சர்க்கரை பார்த்தாயிற்றா?

திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை கூடும் வியாதி ஒன்று உண்டு. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் உடம்பின் நீர்களிலும் அது கூடும், காளானுக்கு விருந்துதான். அரிப்பு வந்த எல்லோருக்கும் சர்க்கரை வியாதி என்று அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு இருக்காது. இருக்கிற சிலருக்கு அரிப்பே முதல் தகவலாக வரும்.

இந்த விஷயத்தில் நம் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது என்று பெருமையாகச் சொல்லலாம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் டாக்டர் வி. சேஷய்யாவும் அவரோடு சேர்ந்தவர்களும் கர்ப்பிணிகளுக்கென்று எளிய சோதனை ஒன்றை வகுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதற்குப் பட்டினியாகப் போக வேண்டியதில்லை என்பதுதான் விசேஷம். விடிகாலையில் வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வந்து மயங்கி உட்காரும் கர்ப்பிணிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பிறகு மத்திய சுகாதார அமைச்சகமும் இந்த முறையையே நாடு முழுவதற்கும் வகுத்தது.

முதல் செக்கப்பில் ஒரு தடவையும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவையும் இந்தச் சோதனை செய்ய வேண்டும். முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது, ஆறாம் மாதத்துக்கு மேல்தான் பலருக்குச் சர்க்கரை ஏறும். குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து, பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிடுங்கள். குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்வார்கள்.

கொளத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒரு பெண், இரண்டாவது கர்ப்பம். நாலு மாதமாக அரிப்பு. வேப்பிலைத் தண்ணீர், படிகாரத் தண்ணீர், டெட்டால் எல்லாம் ஊற்றிக் கழுவித் தோல் வெந்துபோயிருந்தது. முதல் சோதனை சரியாக இருந்ததால் இரண்டாவது சோதனைக்கு வரவில்லை. "பஸ்ஸுக்கு ஆகிற காசு மிச்சம்" என்றார் மாமியார். ஏழாம் மாதம் வீட்டுக்குப் போனபோது வழக்கம்போல வாசற்படியில் வந்து சொன்னாள். அந்த வாரமே அழைத்துப் போய்ப் பார்த்தோம். 190-க்கு மேல் இருந்தது. சாப்பாட்டை மாற்றி, இன்சுலின் போட்டு, உள்மாத்திரை ஏழு நாள் வைத்ததும்தான் அரிப்பு விட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்ததால் பிரசவமும் நல்லபடியாக ஆயிற்று. அவளைத் தடுத்த அந்த மாமியாரே பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கும் மூணு பிள்ளைக்கும் இப்படித்தானுங்க நர்சம்மா. யார்கிட்டே சொல்றது? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலே அவளையும் இருன்னேன்." அன்றிலிருந்து மருமகளின் சோதனைத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்தவர் அவர்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். டெட்டால், படிகாரம், உப்புத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலைச் சாறு எதுவும் வேண்டாம். நல்ல கிருமிகளைக் கழுவித் தள்ளிவிட்டால் காளானுக்குத்தான் லாபம். தயிர், பூண்டு இவற்றை உள்ளே வைப்பதும் வேண்டாம். தயிர் சாப்பிடுவதற்குத்தான். வெளியில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.

உள்ளாடை பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். ராத்திரி இல்லாமலே படுக்கலாம். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் முழுகிவிட்டு ஈரச் சேலையோடே முனியப்பன் கோயில் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதுண்டு. கர்ப்பிணிகள் மாற்றுத்துணி கொண்டுபோய் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

உள்ளாடையை எங்கே காயப்போடுகிறீர்கள்? நம் வீடுகளில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று குளியலறை மூலையில், இல்லாவிட்டால் சேலைக்கு அடியில் மறைத்துப் போடுவார்கள். அது சரியாகவே காயாது. அரை ஈரத்தோடு மறுநாள் உடுத்துவார்கள். வெயிலில் போடுங்கள் சகோதரிகளே! மேட்டூரில் வெயிலுக்கா பஞ்சம்? மேலே மெல்லிய துணி போட வேண்டுமானால் போடுங்கள், ஆனால் மொறமொறவென்று காய வேண்டும்.

ஜலகண்டாபுரம் பக்கம் தறியில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். கழிப்பிடம் போக வசதியில்லை, தறியை நிறுத்தினால் கூலி போகும். சிறுநீரை அடக்கினால் நீர்க்கடுப்பு வரும், அதற்கு ஆன்டிபயாட்டிக், பின்னாலேயே காளான். இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டுமானால் தண்ணீரும் வேண்டும், இடையில் எழுந்து போகும் உரிமையும் வேண்டும். கர்ப்பிணிக்கு இதைக் கொடுக்க மனசில்லாத இடத்தில் அவளுக்காகக் கணவர்தான் பேச வேண்டும்.

எப்படிச் சொல்வது?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வாய் வராவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கர்ப்பிணி அட்டைக்குள் வைத்து நீட்டுங்கள். இப்படி எழுதினால் போதும்: "வெள்ளைபடுகிறது, அரிப்பு இருக்கிறது. இது மூன்றாவது முறை. இன்ன மருந்து, இத்தனை நாள் வைத்தேன். சர்க்கரைச் சோதனை இன்ன தேதியில் செய்தேன்." காலி மருந்து அட்டையையும் கூடவே கொண்டுபோங்கள். இந்த நான்கு வரி இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆண் டாக்டரிடம் கூச்சமாக இருந்தால் அங்குள்ள நர்ஸிடம் சொல்லுங்கள், இல்லை லேடி டாக்டர் என்று வருகிறார் எனக் கேட்டு அன்று போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். மேல்சிகிச்சை வேண்டுமென்றால் மேட்டூரிலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, அதற்கும் மேலே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 104-க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம், முகம் தெரியாதவரிடம் பேசுவது சிலருக்குச் சுலபம். மாமியார் கூட வந்தால், "அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க" என்று நர்ஸே சொல்லிவிடுவார், கேட்டுக்கொண்டால் போதும்.

காய்ச்சல், அடிவயிற்று வலி, இரத்தம் படுதல், தண்ணீர் போல் ஒழுகுதல், கொப்புளமோ புண்ணோ காணுதல், குழந்தையின் அசைவு குறைதல் - இவற்றில் எது இருந்தாலும் காகிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஏழு நாள் முழுவதும் மருந்து வைத்தும், சர்க்கரை சரியாக இருந்தும் மறுபடி வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மருந்தை எத்தனை நாள் நீட்டுவது, எப்போது திரும்ப வைப்பது என்பதைச் சோதனையைப் பார்த்து டாக்டர் சொல்வார். மனம் தளர வேண்டாம். பிரசவம் ஆனபின் ஹார்மோன் இறங்கியதும் பெரும்பாலோருக்கு இது தானே அடங்கிவிடும். சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள்.

பிரசவ சமயத்தில் இந்தக் காளான் இருந்தால் சில குழந்தைகளுக்கு வாயில் ஒட்டிக்கொண்டு, நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாகப் படியும். பால் கறை என்று நினைத்துத் துணியால் சுரண்டிப் புண்ணாக்கிவிடுவார்கள். அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது, தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதும் இல்லை. அந்த விவரத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.